நீட்ஸா, பி.எம்.இ.ஜி.பி.யா, முத்ராவா? தொழில் தொடங்கும் இளைஞர் எதைத் தேர்ந்தெடுப்பது?

ஐடிஐயோ டிப்ளமோவோ முடித்து, நான்கைந்து ஆண்டுகள் பிறரிடம் வேலை பார்த்துத் தொழிலின் நெளிவுசுளிவுகளைக் கற்றுக்கொண்டு, இனிச் சொந்தமாக ஒரு பட்டறை போடலாம் என்று எண்ணுகிற இளைஞருக்குத் தமிழ்நாட்டில் அரசுத் திட்டங்களுக்குப் பஞ்சமில்லை. மத்திய அரசின் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் (பி.எம்.இ.ஜி.பி.), மாநில அரசின் புதிய தொழில்முனைவோர் மற்றும் தொழில் நிறுவன மேம்பாட்டுத் திட்டம் (நீட்ஸ்), வேலையற்ற இளைஞர்களுக்கான யு.ஒய்.இ.ஜி.பி., பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்குமான அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம், மானியம் எதுவும் இல்லாத முத்ரா கடன், உணவு பதப்படுத்தும் தொழிலுக்கெனத் தனியாக ஒன்று என்று வரிசையாக இருக்கின்றன. மாவட்டத் தொழில் மையத்துக்குள் நுழைகிறவர்கள் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி, “எதில் சார் மானியம் அதிகம்?” என்பதுதான். அந்தக் கேள்விக்கு ஒரே விடை கிடையாது. ஒரே எந்திரத்தை ஊராட்சி எல்லைக்குள் நிறுத்தினால் ஒரு விடையும், இரண்டு கிலோமீட்டர் தள்ளி நகராட்சிக்குள் நிறுத்தினால் வேறொரு விடையும் வரும். ஆகவே தொழில் எங்கே, எவ்வளவு முதலீட்டில், யார் பெயரில் என்பது முடிவான பிறகே திட்டத்தைத் தேட வேண்டும் என்பது என் கருத்து. திட்டத்தை முதலில் பிடித்துக்கொண்டு அதற்கேற்பத் தொழிலை வளைப்பவர்களே அதிகம் சிக்கலில் மாட்டுகிறார்கள்.

முதலில் முக்கியமான இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். பி.எம்.இ.ஜி.பி. 2008-இல் வந்தது. 2022-இல் அதன் வரம்புகள் உயர்த்தப்பட்டபின், உற்பத்தித் தொழிலில் 50 லட்சம் ரூபாய் வரையிலும் சேவைத் தொழிலில் 20 லட்சம் வரையிலும் உள்ள திட்ட மதிப்புக்கு மானியம் உண்டு. பொதுப் பிரிவினருக்கு நகர்ப்புறத்தில் 15 விழுக்காடு, கிராமப்புறத்தில் 25. சிறப்புப் பிரிவினருக்கு முறையே 25, 35. சொந்தப் பங்காகப் பொதுப் பிரிவினர் 10 விழுக்காடும் சிறப்புப் பிரிவினர் 5 விழுக்காடும் போட வேண்டும். “சிறப்புப் பிரிவு” என்றதும் அது தமக்கில்லை என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், சிறுபான்மையினர், முன்னாள் படைவீரர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரோடு இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பினரும் அதில் அடங்குவதால், தமிழ்நாட்டு இளைஞர்களில் பெரும்பான்மையோர் 35 விழுக்காட்டுப் பட்டியலிலேயே வருகிறார்கள். 18 வயது நிறைந்திருந்தால் போதும்; வருமான வரம்பு இல்லை; உற்பத்தியில் 10 லட்சத்துக்கும் சேவையில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட திட்டங்களுக்கு மட்டும் எட்டாம் வகுப்புத் தேர்ச்சி தேவை.

நீட்ஸ் திட்டம் 2012-13-இல் தொடங்கியது. முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கானது. குறைந்தபட்ச வயது 21. பட்டம், டிப்ளமோ, ஐடிஐ என்று தொடங்கிய கல்வித் தகுதி பின்னர் பன்னிரண்டாம் வகுப்பு வரை தளர்த்தப்பட்டது. 10 லட்சத்துக்கு மேல் 5 கோடி வரையிலான உற்பத்தி, சேவைத் தொழில்களுக்கு 25 விழுக்காடு மானியம், உச்சவரம்பு 75 லட்சம். கிராமம், நகரம் என்ற வேறுபாடு மானிய விகிதத்தில் இல்லை. இதற்கு மேல், தவணை தவறாமல் கட்டுகிறவருக்கு வட்டியில் 3 விழுக்காட்டை அரசே ஏற்றுக்கொள்கிறது. அந்த 3 விழுக்காட்டைப் பெரும்பாலோர் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் முடிவை மாற்றுவது சில வேளைகளில் அதுதான்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பிற்படுத்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஓர் இளைஞர் 24 லட்சம் ரூபாயில் அட்டைப்பெட்டி தயாரிக்கும் அலகு ஒன்றை ஊராட்சி எல்லைக்குள் தொடங்குகிறார் என்று கொள்வோம். இரு திட்டங்களிலும் அவருடைய பங்கு 5 விழுக்காடு, அதாவது 1.20 லட்சம், வங்கி தருவது 22.80 லட்சம். பி.எம்.இ.ஜி.பி.யில் மானியம் 8.40 லட்சம், ஆக அவர் உண்மையில் திருப்பிக் கட்ட வேண்டிய அசல் 14.40 லட்சம். நீட்ஸில் மானியம் 6 லட்சம், அசல் 16.80 லட்சம். அதை ஆறு ஆண்டுகளில் சம தவணைகளாகக் கட்டினால் 3 விழுக்காட்டு வட்டிச் சலுகை ஏறத்தாழ ஒன்றரை லட்சமாகும். அதையும் சேர்த்தால் நீட்ஸின் பயன் 7.50 லட்சம். அதிக அசலுக்குக் கட்ட வேண்டிய வட்டியைக் கணக்கில் சேர்க்காமலே கிராமத்தில் பி.எம்.இ.ஜி.பி. முந்திவிடுகிறது.

அதே இளைஞர் அதே எந்திரங்களை நகராட்சிக்குள் நிறுத்தினால் பி.எம்.இ.ஜி.பி. மானியம் 25 விழுக்காடாக இறங்கி 6 லட்சமாகிவிடும். இப்போது இரண்டும் சமம். வட்டிச் சலுகை கூடுதலாக இருப்பதால் நீட்ஸ் மேல். பொதுப் பிரிவைச் சேர்ந்த ஆண் ஒருவருக்கு நகரத்தில் பி.எம்.இ.ஜி.பி. தருவது 3.60 லட்சம்தான், அவர் நீட்ஸைத் தவிர வேறெதையும் பார்க்க வேண்டியதில்லை. கிராமத்தில் தொடங்கினாலும் அவருக்கு இரண்டு மானியங்களும் 25 விழுக்காடுதான். வட்டிச் சலுகை நீட்ஸின் பக்கம். சுருங்கச் சொன்னால், 10 லட்சத்துக்கும் 50 லட்சத்துக்கும் இடைப்பட்ட உற்பத்தித் திட்டங்களில், சிறப்புப் பிரிவினர் கிராமத்தில் தொடங்கும்போது மட்டுமே பி.எம்.இ.ஜி.பி. தெளிவாக வெல்கிறது. 50 லட்சத்தைத் தாண்டிவிட்டால், கூடுதல் தொகைக்கு மத்திய திட்டத்தில் மானியம் இல்லாததால், திட்ட மதிப்பு ஏற ஏற நீட்ஸின் பக்கமே தராசு சாயும்.

இடம் இவ்வளவு முக்கியம் என்பதால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பேரூராட்சி பார்வைக்குக் கிராமம்போல் இருக்கலாம். நிர்வாகக் கணக்கில் அது நகர்ப்புற உள்ளாட்சி. மேலும், பெருநகரங்களையொட்டிய ஊராட்சிகள் அண்மை ஆண்டுகளில் மாநகராட்சிகளோடும் நகராட்சிகளோடும் இணைக்கப்பட்டு வருகின்றன. ஷெட்டுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன், அந்த சர்வே எண் இன்று எந்த உள்ளாட்சியின் கீழ் வருகிறது என்று விசாரித்துக்கொள்வது நல்லது.

பட்டியல் இனத்தவரும் பழங்குடியினரும் மேலே கண்ட கணக்குகளில் இறங்கத் தேவையில்லை. 2023-இல் அறிவிக்கப்பட்ட அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் ஊர் எதுவாயினும் 35 விழுக்காடு மானியம் தருகிறது, உச்சவரம்பு 1.5 கோடி, வட்டிச் சலுகை 6 விழுக்காடு, கல்வித் தகுதி இல்லை, வணிகமும் விரிவாக்கமும்கூட இதில் அடங்கும். அதே 24 லட்ச அலகுக்கு 8.40 லட்சம் மானியமும், ஆறு ஆண்டுக் கணக்கில் சுமார் இரண்டரை லட்சம் வட்டிச் சலுகையும் கிடைக்கும். இன்று நடைமுறையிலுள்ள மாநிலத் திட்டங்களில் தாராளமானது இதுவே. தகுதியிருந்தும் பழக்கத்தினால் பி.எம்.இ.ஜி.பி. படிவத்தை நிரப்புகிறவர்களுக்கு யாராவது இதை எடுத்துச் சொல்ல வேண்டும்.

உணவு பதப்படுத்துவதானால் கணக்கு மறுபடியும் மாறும். மரச்செக்கு எண்ணெய், மசாலாப் பொடி, சிறுதானிய மாவு, ஊறுகாய், பழக்கூழ் போன்ற குறுந்தொழில்களுக்கு 2020-இல் மத்திய அரசு கொண்டுவந்த பி.எம்.எஃப்.எம்.இ. திட்டத்தில், வகுப்பு, ஊர் என்ற வேறுபாடில்லாமல் 35 விழுக்காடு, அதிகபட்சம் 10 லட்சம் மானியம் உண்டு. நகரத்தில் செக்கு போட நினைக்கும் பொதுப் பிரிவினருக்கு இதைவிட நல்லது வேறில்லை. இதுவும் பி.எம்.இ.ஜி.பி.யும் 2025-26 நிதியாண்டு வரைக்கான ஒப்புதலோடு நடந்தவை. அதற்குப் பிந்தைய வழிகாட்டுதல் என்ன என்பதை விண்ணப்பிக்கும் நாளில் பார்த்துக்கொள்ள வேண்டும். மாநிலத் திட்டங்களின் வரம்புகளும் அரசாணைகளில் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. நீட்ஸின் உச்சவரம்பே பலமுறை உயர்ந்துதான் 75 லட்சத்தைத் தொட்டது.

இனி, மானியம் என்பது கையில் வரும் காசு என்ற எண்ணத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பி.எம்.இ.ஜி.பி.யில் வங்கி கடனை விடுவித்தபின் மானியத் தொகை வரும். ஆனால் அது பயனாளியின் கணக்கில் செலவுக்கு வராது. அவர் பெயரில் மூன்றாண்டு வைப்புத்தொகையாக வங்கியிலேயே முடக்கப்படும். அந்த வைப்புக்கு வட்டி கிடையாது. அதற்கு ஈடான கடன் பகுதிக்கும் வங்கி வட்டி போடுவதில்லை. மூன்றாண்டு முடிந்து, தொழில் உண்மையில் நடக்கிறதா என்று நேரில் சரிபார்த்தபின்தான் அது கடனில் கழிக்கப்படும். இடையில் பட்டறையைப் பூட்டிவிட்டால் மானியம் கைவிட்டுப் போகும். மூலப்பொருள், கூலி போன்ற அன்றாடச் செலவுக்கான நடைமுறை மூலதனத்துக்கும் ஒரு நிபந்தனை உண்டு. அதற்காக வங்கி தரும் கேஷ் கிரெடிட் வரம்பை அந்த மூன்றாண்டுகளுக்குள் ஒருமுறையாவது முழுவதும் எடுத்திருக்க வேண்டும். பொதுவான பயன்பாடும் 75 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. தவறினால் அந்தப் பகுதிக்குரிய மானியம் திரும்பப் பெறப்படும். கடன் வாங்கவே அஞ்சி, சிக்கனமாகக் கேஷ் கிரெடிட்டைத் தொடாமல் வைத்திருக்கும் கவனமான பிள்ளைகளுக்கு இது எதிர்பாராத அடி. திட்ட அறிக்கை எழுதிக் கொடுப்பவர், மானியத்தைக் கூட்டிக் காட்டுவதற்காக நடைமுறை மூலதனத்தைத் தேவைக்கு மேல் ஏற்றிப் போட்டிருந்தால் சிக்கல் இன்னும் பெரிதாகும். ஆகவே அறிக்கையை வேறொருவர் தட்டச்சு செய்து கொடுத்தாலும், அதிலுள்ள ஒவ்வொரு எண்ணையும் தொழில் நடத்தப்போகிறவரே போட்டிருக்க வேண்டும்.

கையிலிருந்து 5 விழுக்காடு போட்டால் போதும் என்ற பேச்சையும் அப்படியே நம்பக் கூடாது. பி.எம்.இ.ஜி.பி.யில் நிலத்தின் விலை திட்ட மதிப்பில் சேராது. ஷெட்டுக்கான முன்பணம், மும்முனை மின் இணைப்புக்கான வைப்புத்தொகை, எந்திரம் வந்து இறங்கியபின் முதல் சரக்கு விற்றுப் பணம் திரும்பும் வரைக்கான கூலி ஆகியவை வங்கிப் பணம் வருவதற்கு முன்போ பின்போ கைப்பணத்திலிருந்துதான் போகும். இந்த இடைவெளியை நிரப்பக் கந்துவட்டிக்குப் போனால், மானியத்தின் பெரும்பகுதியை அந்த வட்டியே தின்றுவிடும். அதற்காகக் கடன் ஒப்புதலுக்கு முன்பே அவசரப்பட்டு எந்திரத்தை வாங்கிவிடவும் கூடாது. இவை புதிதாகத் தொடங்கப்படும் அலகுகளுக்கான திட்டங்கள் என்பதால், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் தொழிலென்று விண்ணப்பம் தள்ளுபடியாகலாம்.

எல்லாத் திட்டங்களுக்கும் பொதுவான வாசல் வங்கி. மாவட்டத் தொழில் மையம் விண்ணப்பத்தைச் சரிபார்த்துப் பரிந்துரைக்கலாம். கடன் தருவதும் மறுப்பதும் வங்கியின் முடிவு. குறிப்பிட்ட வரம்புக்கு உட்பட்ட சிறுதொழில் கடனுக்குச் சொத்து அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதற்கு மேற்பட்ட கடன்களுக்கும் சிஜிடிஎம்எஸ்இ என்ற கடன் உத்தரவாத நிதியத்தின் பாதுகாப்பைப் பெற முடியும். இருந்தும், “அப்பா பேரில் ஏதாவது பத்திரம் இருக்கா?” என்ற கேள்வி மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரத்தான் செய்கிறது. மேலாளரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. வாராக்கடன் ஆனால் விளக்கம் சொல்ல வேண்டியவர் அவர். அவர் முதலில் பார்ப்பது சிபில் மதிப்பெண். இளைஞர்கள் பலருக்கு அங்கே தடையாக நிற்பது பழைய கல்விக் கடன். படிப்பு முடிந்து வேலை கிடைக்காமல் தவணை நின்றுபோயிருந்தால், எவ்வளவு நல்ல திட்ட அறிக்கையும் அங்கேயே நின்றுவிடும். விண்ணப்பிப்பதற்கு முன் அந்த நிலுவையை நேர்செய்துகொள்வதுதான் எந்த மானியத்தையும்விட முந்தைய வேலை.

நீட்ஸ் விண்ணப்பதாரர்களுக்கு வங்கியைத் தவிர டிஐஐசி என்னும் தமிழ்நாடு தொழில் முதலீட்டுக் கழகமும் உண்டு. 1949-இல் தொடங்கிய, தொழிற்கடனையே வேலையாகக் கொண்ட நிறுவனம் என்பதால் எந்திரம், உற்பத்தித் திறன் என்று பேசினால் அங்கே புரிந்துகொள்வார்கள். ஆனால் அடிப்படையில் அது காலக்கடன் தரும் நிறுவனம். அன்றாட நடைமுறை மூலதனத்துக்கு வேறொரு வங்கியை நாட வேண்டிவரும் என்பதைத் தொடக்கத்திலேயே கணக்கில் வைக்க வேண்டும்.

சிறிய தொகைகளுக்கு வருவோம். யு.ஒய்.இ.ஜி.பி.யில் 15 லட்சம் வரையிலான திட்டங்களுக்கு 25 விழுக்காடு, அதிகபட்சம் 3.75 லட்சம் மானியம். எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும். குடும்ப ஆண்டு வருமானம் 5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். மளிகைக்கடை, செல்போன் கடை, ஜவுளிக்கடை போன்ற வியாபாரங்களுக்கும் இதில் இடமுண்டு என்பதே இதன் சிறப்பு. நீட்ஸில் வியாபாரத்துக்கு இடமில்லை. முத்ரா 2015-இல் வந்தது. 50 ஆயிரம் வரை சிசு, 5 லட்சம் வரை கிஷோர், 10 லட்சம் வரை தருண் என மூன்று படிகள். தருண் கடனை ஒழுங்காக அடைத்தவர்களுக்கு 20 லட்சம் வரையிலான நான்காவது படி 2024-இல் சேர்க்கப்பட்டது. மானியம் இல்லை, அடமானமும் இல்லை. இரண்டு தையல் எந்திரம், ஒரு ஓவர்லாக் எந்திரம் என்ற அளவில் இரண்டு லட்சத்துக்குத் தொடங்க நினைப்பவருக்கு யு.ஒய்.இ.ஜி.பி. தரக்கூடியது 50 ஆயிரம். அதற்காக நேர்காணல், பரிந்துரை, மானிய ஒப்புதல் என்று மாதங்களைக் கழிப்பதைவிட, கணக்கு வைத்திருக்கும் வங்கியில் முத்ரா வாங்கித் தீபாவளி ஆர்டரைப் பிடிப்பது லாபம் என்றே நான் சொல்வேன். ஐந்து லட்சத்தைத் தாண்டும்போது காத்திருப்பதற்குப் பொருள் வருகிறது.

கைவினைக் கலைஞர்களுக்கெனத் தமிழ்நாடு அரசு 2025-இல் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தை இளைஞர்கள் சிலர் விசாரிக்கிறார்கள். அது 35 வயது நிறைந்தவர்களை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டது. மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டம் 18 வயதிலேயே குடும்பத் தொழிலுக்குள் பிள்ளைகளைத் தள்ளிவிடும் என்று மாநில அரசு எழுப்பிய மறுப்பின் நீட்சியே அந்த வயது வரம்பு. கருத்தளவில் எனக்கு அதில் உடன்பாடு உண்டு. ஆனால் தானே விரும்பித் தச்சுத் தொழிலுக்கு வரும் 25 வயதுக்காரருக்கு அந்தக் கதவு அடைத்திருக்கிறது. அவர் பி.எம்.இ.ஜி.பி.க்கோ முத்ராவுக்கோதான் போக வேண்டும்.

பயிற்சியைப் பொறுத்தவரை, அதைக் கடனுக்கான சான்றிதழாக மட்டும் பார்ப்பவர்கள் பெரிதாக இழக்கிறார்கள். பி.எம்.இ.ஜி.பி.யில் பயிற்சி கடன் ஒப்புதலுக்குப் பிறகு வரும் ஒரு சடங்குபோல ஆகிவிட்டது. இணையவழியில் முடித்துவிடவும் முடிகிறது. நீட்ஸில் சென்னை ஈக்காட்டுத்தாங்கலில் உள்ள தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம் பொறுப்பேற்று நடத்துகிறது. முதலில் ஒரு மாதமாக இருந்தது, பின்னர் சுருக்கப்பட்டது. என் பார்வையில் இளைஞர்கள் அதிகம் கவனிக்காத நல்ல வாய்ப்பு, மாவட்டந்தோறும் முன்னோடி வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்கள். கர்நாடகத்தின் உஜிரேயில் 1982-இல் தர்மஸ்தலா அறக்கட்டளையும் இரண்டு வங்கிகளும் சேர்ந்து தொடங்கிய நிலையத்தின் மாதிரியில் இவை நாடெங்கும் அமைந்தன. தங்குமிடமும் சாப்பாடும் இலவசம். இருசக்கர வாகனப் பழுதுபார்ப்பு, சிசிடிவி பொருத்துதல், ஆடு வளர்ப்பு, காளான் என்று கைத்தொழிலோடு கணக்கு எழுதுவதையும் சொல்லித்தருகிறார்கள். முடித்தபின் இரண்டாண்டு தொடர்ந்து கண்காணிக்கிறார்கள். நடத்துவது வங்கி என்பதால், அங்கே பயிற்சி முடித்தவர் கடனுக்கு வரும்போது முற்றிலும் அறிமுகமற்றவராக இருப்பதில்லை. உணவுத் தொழிலுக்கு இந்தப் பொதுப் பயிற்சி போதாது. தஞ்சாவூரில் உள்ள நிஃப்டெம், மைசூரில் உள்ள சிஎஃப்டிஆர்ஐ போன்ற உணவுத் தொழில்நுட்ப நிறுவனங்களில் சில நாள் குறுகிய பயிற்சிக்குக் கட்டணம் கட்டிச் சேர்வது வீண்செலவாகாது.

எந்தப் பயிற்சி உண்மையில் பயன்தருகிறது என்பதற்கு ஆப்பிரிக்காவிலிருந்து கிடைத்த சான்று ஒன்று கவனிக்கத்தக்கது. டோகோ நாட்டின் தலைநகர் லோமேயில் 1,500 சிறுதொழில்களை வைத்து நடந்து, 2017-இல் வெளியான ஆய்வில், கணக்கு, சந்தைப்படுத்தல் ஆகியவற்றைச் சொல்லித்தரும் வழக்கமான வகுப்புகள் லாபத்தைத் திட்டவட்டமாகச் சொல்லக்கூடிய அளவுக்கு உயர்த்தவில்லை. தானே முன்வந்து வாய்ப்பைத் தேடுவது, இடர் வந்தால் மாற்றுவழி வைத்திருப்பது போன்ற மனப்பழக்கங்களை வளர்த்த பயிற்சி லாபத்தை 30 விழுக்காடு உயர்த்தியது. பணத்தைப் பொறுத்தவரை உகாண்டாவின் அனுபவம் இருக்கிறது. 2008-இல் அங்கே தொழில் தொடங்க இளைஞர் குழுக்களுக்கு நிதி கொடுத்தபோது, நான்கு ஆண்டுகளில் அவர்களுடைய வருமானம் பெறாதவர்களைவிட 38 விழுக்காடு கூடியிருந்தது. ஒன்பது ஆண்டுகளில் மற்றவர்களும் ஏறக்குறைய அந்த நிலைக்கு வந்துவிட்டனர். நம் ஊர் மானியத்தையும் அப்படித்தான் கருத வேண்டும்: அது சில ஆண்டு முன்னிலையைத் தரும். அந்தச் சில ஆண்டுகளுக்குள் வாடிக்கையாளரைப் பிடிக்கத் தெரியாதவருக்கு 35 விழுக்காடும் 25 விழுக்காடும் ஒன்றுதான்.

தேர்வு செய்யும்போது இரண்டாவது கடனையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒருமுறை அரசின் மூலதன மானியம் பெற்றவர் நீட்ஸில் விண்ணப்பிக்க முடியாது. ஆகவே இன்று மூன்று லட்சத்துக்கு யு.ஒய்.இ.ஜி.பி. வாங்குகிற டிப்ளமோக்காரர், ஐந்தாண்டு கழித்து ஒரு கோடிக்குத் திட்டம் போடும்போது அந்தப் பெரிய மானியத்தை இழந்திருப்பார். பி.எம்.இ.ஜி.பி.யில் இதற்கு வழி வைத்திருக்கிறார்கள்: முதல் கடனை ஒழுங்காக அடைத்து லாபத்தில் ஓடும் அலகுகள், உற்பத்தித் தொழிலில் ஒரு கோடி வரையிலான விரிவாக்கத்துக்கு 15 விழுக்காடு மானியத்தோடு மறுபடி விண்ணப்பிக்கலாம். முத்ராவில் தொடங்கியவர்களுக்கும் அந்த வழி திறந்திருப்பதால், சின்னதாகத் தொடங்கிப் பார்க்க விரும்புகிறவர் முத்ரா தவணை ரசீதுகளையும் வருமான வரிக் கணக்குகளையும் முதல் மாதத்திலிருந்தே ஒரே கோப்பில் சேர்த்துவைப்பது நல்லது. இரண்டாவது விண்ணப்பத்தில் வங்கி கேட்பது அவற்றைத்தான்.